தேய்வதற்கென்றே அமைந்த வட்டு

புதிதாக வண்டி வாங்கியவரைக் கண்டால் நாம் கேட்கும் முதல் வினா, அது எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பது. அடுத்த வினா, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும் என்பது. அது எவ்வாறு நிற்கும் என வினவியவர் எவரையும் யாம் எம் நாற்பத்தாறு ஆண்டு வாழ்வில் கண்டதில்லை. ஓடுவதை எஞ்சின் பார்த்துக்கொள்கின்றது. நிற்பதற்கோ, நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் எஃகு வட்டையும், அதனை இருபுறமும் பற்றும் இரு சிறு பேடுகளையும் நம்பி உயிரை ஒப்படைக்கின்றோம். அத்தகைய வட்டு வளைந்துபோன ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றியும், அதனை மாற்றுவது குறித்து எம் இல்லத்தில் எழுந்த ஒரு வழக்கைப் பற்றியும் சங்க மலரின் அன்பர்களோடு உரையாட விழைகின்றோம். மைய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் எமக்கு எந்திரவியலில் பட்டமில்லை, பி.ஏ. வகுப்பில் யாம் பயின்றது வரலாறு. ஆயினும், மைசூரில் வளர்ந்தோர்க்கு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச ஓரளவு உரிமை உண்டு எனக் கருதுகின்றோம்.

மைசூர் எனில் வெளியூரார்க்கு அரண்மனையும் தசராவும் சந்தன எண்ணெயும் பட்டும் நினைவுக்கு வரும். எம் தலைமுறையினர்க்கு அவற்றோடு ஓர் ஓசையும் சேர்ந்தே நினைவுக்கு வரும். யாதவகிரியில் 1961ஆம் ஆண்டில் ஜெயசாமராஜ உடையார் அவர்கள் தொடங்கிவைத்த ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து புறப்பட்ட இரட்டைப் புகைக்குழாய் வண்டிகளின் ஓசை அது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டு ஜாவா நிறுவனத்தின் உரிமத்தோடு பிறந்த அவ்வண்டிகள், 1970களில் யெஸ்டி என்னும் பெயரை ஏற்றன. 1996இல் ஆலை மூடப்பட்டது, வண்டிகள் மறையவில்லை. ஆண்டுதோறும் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறை ஜாவா நாளெனக் கொண்டாடும் அன்பர்கள் இன்றும் அவற்றைத் துடைத்து மெருகேற்றித் தெருவுக்குக் கொணர்கின்றனர். 2018இல் ஜாவா என்னும் பெயரில் மீண்டும் வண்டி வந்தபோது அதன் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. யாதவகிரியில் பிறந்த பழைய வண்டிகளிலோ முன்னும் பின்னும் டிரம் பிரேக்கே. இவ்விருவகைப் பிரேக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் எம் இல்லத்து வழக்குக்கும் வேராயிற்று.

டிரம் என்பது சக்கரத்தின் நடுவே அமைந்த உருளை. அதனுள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். பிரேக்கைப் பிடித்தால் அவை விரிந்து உருளையின் உட்சுவரைத் தேய்த்துச் சக்கரத்தை நிறுத்தும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு திறந்தவெளியில் சுழலும் வட்டு. எண்ணெயின் அழுத்தத்தால் காலிபர் என்னும் கிடுக்கி இரு பேடுகளைக் கொண்டு அதனை இருபுறமும் இறுக்கும். இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் மோட்டார் சைக்கிளில் அது பெருவாரியாக இடம்பெறத் தொடங்கியது 1969இல் ஹோண்டா நிறுவனத்தின் 750 சிசி வண்டி வந்த பின்னரே. நம் நாட்டுத் தெருக்களில் அது பரவியது 1999இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட் முதலிய வண்டிகளின் காலத்திலிருந்து எனலாம். திறந்தவெளியில் சுழல்வதால் வட்டின் சூடு விரைவில் ஆறும். மழைநீரும் எளிதில் சிதறிப்போகும். மூடிய டிரம்மில் சூடேறினால் உருளை விரிந்து ஷூவை விட்டு விலகும். மலையிறக்கத்தில் பிரேக் கைவிட்டுப்போவது அதனாற்றான்.

எம் தந்தையார் அசோகபுரம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தியமங்கலத்தை அடுத்த சிற்றூரொன்றிலிருந்து இருபத்திரண்டு வயதில் மைசூருக்கு வந்தவர். 2004ஆம் ஆண்டில், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் கொண்ட 150 சிசி வண்டியொன்றை வாங்கினார். தம் கையாலேயே அதனைப் பேணினார். அரையணா மதிப்பற்ற ஒரு நோட்டுப் புத்தகத்தில், என்று எண்ணெய் மாற்றினார், என்று செயின் மாற்றினார், அப்போது வண்டி ஓடியிருந்த தொலைவு எவ்வளவு என்பனவற்றையெல்லாம் சாய்வான தமிழெழுத்தில் குறித்துவந்தார். 2016இல் அவர் மறைந்தபின் வண்டியும் நோட்டுப் புத்தகமும் எம்மிடம் வந்தன. பதினைந்தாண்டு நிறைந்ததும் 2019இல் முறைப்படி பதிவைப் புதுப்பித்தோம். அன்னையார் கணவரின் மறைவுக்குப்பின் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். எம் மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து ஓட்டுநர் உரிமமும் பெற்றபின், தாத்தாவின் வண்டி பெரும்பாலும் அவன் கைக்குப் போயிற்று.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாமுண்டி மலையினின்று இறங்கி வந்த மகன், முன்பிரேக்கைப் பிடித்தால் லீவர் விரலை எதிர்த்து உதைக்கின்றது என்றான். யாமும் ஓட்டிப் பார்த்தோம். மெதுவாகச் சென்று பிடித்தபோது, நாடித்துடிப்பைப் போல ஒரே சீராக லீவர் மேலெழுந்து தாழ்ந்தது. சற்று விரைவாகச் சென்று பிடித்தபோது கைப்பிடியே நடுங்கிற்று. ஒண்டிகொப்பல் பக்கம் எமக்குப் பழக்கமான பட்டறைக்காரர் ஒருவர் உளர், எழுபதைக் கடந்தவர், ஜாவா, யெஸ்டி வண்டிகளிலேயே கை பழகியவர். அவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம்.

அவர் வட்டைத் தொடவேயில்லை. முதலில் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்து பேரிங்கைச் சோதித்தார். கைப்பிடியை இருபுறமும் திருப்பி, அதன் கீழுள்ள பேரிங்கில் ஆட்டம் உண்டா எனப் பார்த்தார். சக்கரத்தைச் சுழலவிட்டு ரிம் கோணியிருக்கின்றதா என நோக்கினார். இவற்றில் எது கெட்டாலும் இதே போன்ற நடுக்கம் வரும் என்றும், நடுக்கம் என்றவுடனே டிஸ்கை மாற்றச் சொல்பவன் மெக்கானிக் அல்லன், வியாபாரி என்றும், கன்னடமும் தமிழும் கலந்த தம் மொழியில் கூறினார். அதன்பின்னரே டயல் கேஜ் என்னும் அளவுமானியை ஃபோர்க்கில் பொருத்தி, அதன் முனை வட்டின்மேல் படுமாறு வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். முள் அரை மில்லிமீட்டர் ஆடிற்று. எம் வண்டியின் கையேடு பொறுப்பது 0.3 மில்லிமீட்டர். பிறகு வட்டின் கனத்தை ஐந்தாறு இடங்களில் அளந்தார். பெரும்பாலான வட்டுகளில் அவற்றின் குறைந்தபட்ச கனம் பொறிக்கப்பட்டிருக்கும். எமது வட்டில் 3.5 மில்லிமீட்டர் எனப் பொறித்திருந்தது. அளவோ ஓரிடத்தில் 3.6, மற்றோரிடத்தில் 3.4. இருபதாண்டுகளில் அந்த வட்டு வளைந்தும் இருந்தது, தேய்ந்தும் இருந்தது.

வட்டு ஏன் வளைகின்றது என்பதைச் சிறிது விளக்குதல் நன்று. பிரேக் செய்யும் வேலை ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவதே. வேகம் இருமடங்கானால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகின்றது. சாமுண்டி மலை நகரைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தது. இருவர் அமர்ந்த வண்டியின் மொத்த எடை 280 கிலோ எனக் கொண்டால், உச்சியிலிருந்து அடிவாரம் வருவதற்குள் கரைக்கவேண்டிய ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும், கியரில் பூட்டிய எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குவோரின் வண்டியிலோ அச்சுமை பெரும்பாலும் பிரேக்கின் தலையிலேயே விழுகின்றது. மேலும், காலிபர் நகர்வதற்குத் துணையான பின் துருவேறி இறுகிவிட்டால், பிடித்த பேட் முழுதும் விலகாமல் வட்டை உரசிக்கொண்டேயிருக்கும். எம் வண்டியில் நேர்ந்தது இதுவே. மழைக்காலத்துச் சேற்றுநீர் புகுந்து பின் இறுகியிருந்தது. வெளிவளையம் சூட்டில் விரிய முயலும். போல்ட்டுகளால் சக்கரத்தோடு பிணைந்த உள்வளையம் குளிர்ந்தே இருக்கும். விரிய இடமின்றி வட்டு ஒருபுறமாகக் கோணுகின்றது. சிலவேளை வட்டு வளையாமலே, பேடின் பொருள் ஆங்காங்கே திட்டுத்திட்டாக அதன்மேல் படிந்து இதே துடிப்பைத் தருவதும் உண்டு. அதனைத் தேய்த்து நீக்கிவிடலாம். ஆகவே அளந்து பாராமல் முடிவு கட்டலாகாது.

இனி வழக்குக்கு வருவோம். புதிய வட்டு உடனே கிடைக்கவில்லை. இருபதாண்டுப் பழைய வண்டியாகையால், நிறுவனத்தின் அசல் உதிரிப்பாகத்தைச் சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். மூன்று வாரமாகலாம் என்றார்கள். மகனுக்கோ பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் குண்டத் திருவிழாவுக்கு அந்த வண்டியிலேயே ஊர் செல்லவேண்டும் என்னும் வேட்கை. சாமராஜநகர், ஆசனூர் வழியாகத் திம்பம் சென்று, 27 கொண்டையூசி வளைவுகளில் இறங்கினால் பண்ணாரி. நம்மவர் பலர்க்கு ஊர்வழி அதுவே. 2022ஆம் ஆண்டு முதல் அப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபடியால், பகலிலேயே சென்றுவிடலாம் எனத் திட்டம் வகுத்திருந்தான். நாள் நெருங்கிற்று. அவன் இரண்டு வழிகள் சொன்னான். ஒன்று, லேத் பட்டறையில் கொடுத்து வட்டைக் கடைந்து சமன் செய்வது. தாத்தா காலத்து யெஸ்டி வண்டிகளின் டிரம்மை அவ்வாறுதானே கடைந்தார்கள் என்பது அவன் வாதம். மற்றொன்று, பெயர் பொறிக்காத மலிவு வட்டொன்றை வாங்கி இப்போதைக்கு மாட்டிக்கொள்வது. எம் துணைவியார் மூன்றாவது வழியொன்று சொன்னார், வண்டியை விற்றுவிடுவது.

பட்டறைப் பெரியவர் முதல் வழியைக் கேட்டுச் சிரித்தார். டிரம்மைக் கடைவது உண்மைதான். ஸ்போக்குகளை இறுக்கும் இழுவையில் உருளை முட்டைவடிவாகக் கோணும். ஆகவே ஸ்போக் கட்டிய சக்கரத்தோடு சேர்த்தே லேத்தில் பூட்டி, உட்சுவரைக் கடைந்து, ஷூவுக்குப் புதிய லைனர் ஒட்டித் தருவோம். கனத்த வார்ப்பிரும்பு ஆகையால் அதற்கு இடங்கொடுத்தது என்று விளக்கினார். பின்னர் எம் வண்டியின் வட்டை விரலால் தட்டி, “ஸ்வாமி, இதில் கடைவதற்கு இரும்பு எங்கே இருக்கின்றது?” என்றார். குறைந்தபட்ச கனத்துக்கும் கீழே போய்விட்ட தகட்டை மேலும் கடைந்தால், அது சூட்டைத் தாங்கும் வலுவை இழக்கும். சுத்தியால் அடித்து நிமிர்த்தினாலோ அடுத்த மலையிறக்கத்தில் மீண்டும் கோணும். மலிவு வட்டைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. தம் பட்டறையில் அதனைப் பூட்டுவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு வேலையைக் கவனிக்கலானார்.

மகனின் முகம் வாடிற்று. தந்தை என்னும் முறையில் எமக்கும் வருத்தமே. ஆயினும் திம்பத்தின் 27 வளைவுகளும் எம் கண்முன் நின்றன. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் என்னும் பாதுகாப்பு கட்டாயமாயிற்று. எமது வண்டி அதற்குப் பதினைந்தாண்டு முற்பட்டது. வழுக்கினாலும் நடுங்கினாலும் ஓட்டுபவன் விரலைத் தவிர அதற்குத் துணையில்லை. ஆகவே வண்டி பட்டறையிலேயே நிற்க, அவ்வாண்டு நாங்கள் மூவரும் பேருந்தில் சென்றோம்.

ஊர் சேர்ந்ததும், வாசலில் நின்ற எம் அன்னையார் பெயரனுக்குப் பின்னே எட்டிப் பார்த்து, தாத்தாவின் வண்டி எங்கே என்று வினவினார். அவன் குறைபட்டுக்கொண்டே டிஸ்க், கனம், லேத் என்று கதை முழுவதும் சொன்னான். அவருக்கு எவ்வளவு விளங்கிற்றோ அறியோம். அவன் கையைப் பற்றிக்கொண்டு, “வண்டி கெடக்குது உடு சாமி. நீ வந்து சேந்தயல்ல, அது போதும்” என்றார். அதன்பின் எம் மகன் அத்திருவிழா முடியும்வரை வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

மைசூர் திரும்பிய சில நாளில் அசல் வட்டு வந்துசேர்ந்தது. விலை இரண்டாயிரத்துச் சொச்சம். மாற்றும் பணியைப் பெரியவர் மகனின் கையாலேயே செய்வித்தார். யாம் அருகில் நின்று கண்டோம். காலிபரின் இரு போல்ட்டுகளைக் கழற்றி, அது எண்ணெய்க் குழாயில் தொங்கி இழுபடாதவாறு கயிற்றால் ஃபோர்க்கில் கட்டினான். அந்நேரத்தில் மறந்தும் பிரேக் லீவரை அழுத்தலாகாது. அழுத்தினால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுவிடும். சக்கரத்தைக் கழற்றி, வட்டு மேற்புறமாக இருக்குமாறு பழைய டயரின்மீது கிடத்தினான். இறுகிய போல்ட்டுகளைச் சற்றே சூடேற்றித் தளர்த்தினான். வட்டு அமரும் இடத்திலிருந்த துருவைச் சுரண்டித் துடைக்குமாறு பெரியவர் பலமுறை வற்புறுத்தினார். அங்கு ஒரு துகள் தங்கினாலும் புதிய வட்டும் கோணலாகவே சுழலுமாம். புதிய வட்டின்மேல் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெயைத் துடைத்து நீக்கினர். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்ச் என்னும் அளவுத்திருகியால் இறுக்கினர். காலிபரின் பின்களைத் துலக்கி அதற்குரிய கிரீஸ் இட்டனர். பேடுகளையும் புதியனவாகவே மாற்றினர். பழைய பேட் பழைய வட்டின் மேடுபள்ளங்களுக்குப் பழகியிருக்கும் ஆதலின், புதிய வட்டில் முழுதும் பதியாது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறினால் சூட்டில் ஆவிக்குமிழ் தோன்றி லீவர் வலுவிழக்கும் என்பதால் அதனையும் மாற்றினர். வண்டியை நகர்த்துமுன், லீவர் கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்தினர். அதன்பின் ஆளரவம் குறைந்த சாலையில், மிதமான வேகத்திலிருந்து முழுதும் நிறுத்தாமல் முப்பது முறைக்கு மேல் மெல்லப் பிடித்துப் பிடித்துப் பேடையும் வட்டையும் இணங்கச் செய்தனர்.

பழைய வட்டை மகன் நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ள விரும்பினான். பெரியவரோ அதனைச் சுத்தியால் நன்கு வளைத்த பின்னரே எடைக்கடைக் கூடையில் எறிந்தார். எங்கேனும் கிடந்தால் யாரேனும் ஏழை ஒருவன் வாங்கித் தன் வண்டியில் மாட்டிவிடுவான் என்பது அவர் அச்சம். இன்னார் என்று முகமறியாத ஒருவனுக்காக அவர் கொண்ட அக்கறை எம் நெஞ்சைத் தொட்டது.

அன்று மாலை மகன் எம்மிடம் கேட்டான்: “எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே வந்தால் இது இன்னும் தாத்தாவின் வண்டிதானா அப்பா?” யாம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொடுத்தோம். டயர் இருமுறை, செயின் மூன்று முறை, பேட் ஐந்து முறை மாற்றிய குறிப்புகள் தாத்தாவின் கையெழுத்திலேயே இருந்தன. தாம் வாங்கிய நாளிலிருந்தே அவர் அதனை மாற்றிக்கொண்டுதான் இருந்தார். சட்டகமும் எண்ணும் அப்படியே உள்ளன. தேயவேண்டியன தேய்ந்தன, மாறவேண்டியன மாறின. வட்டும் பேடும் தேய்வதற்கென்றே அமைந்தவை. அவை தம்மைத் தேய்த்துக்கொள்வதாற்றான் ஓட்டுபவன் வீடு திரும்புகின்றான். அவற்றையும் பாசத்தால் பற்றிக்கொண்டிருந்தால் வண்டியும் எஞ்சாது, வழிவந்தவனும் எஞ்சான்.

மகன் சற்றுநேரம் சும்மா இருந்தான். பிறகு பேனாவை எடுத்து, தாத்தாவின் கடைசிக் குறிப்புக்கும் எம் குறிப்புகளுக்கும் கீழே எழுதலானான். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்றவன் அவன். தமிழை வீட்டில் கேட்டும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக்கூட்டியும் அறிந்தவன். ‘முன் டிஸ்க் மாற்றியது’ என்னும் மூன்று சொற்களை எழுத அவனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. றகரத்தில் ஒருமுறை தயங்கினான், யாம் குறுக்கிடவில்லை. தொலைவையும் நாளையும் இட்டு மூடிவைத்தான்.

வேற்றூரில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், தந்தையோ பாட்டனோ விட்டுச்சென்ற பொருள் ஒன்றேனும் இருக்கும். தையல் எந்திரமோ மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ, எதுவாயினும் சரி. பூட்டி வைத்தால் அது துருவேறும். இளையோர் கையில் கொடுத்து, தேய்ந்ததை அளந்து பார்த்து, காலத்தில் மாற்றிப் பயன்படுத்தினால் இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும். மலைவழியே ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒன்று கூறி அமைகின்றோம். புறப்படுமுன் பெட்ரோல் பார்ப்பதைப் போலவே பிரேக்கையும் பாருங்கள். லீவர் துடித்தால், கைப்பிடி நடுங்கினால், திருவிழாவே ஆயினும் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் செல்லுங்கள். வாசலில் காத்திருப்போர் எதிர்பார்ப்பது வண்டியை அன்று.